களவு போன மீசை

குழந்தைகளுக்கு நீதி புகட்டும் நூல்கள் தமிழில் ஏராளம். ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் அறியாத தமிழ் இல்லம் உண்டோ? அயல் மாநிலத்தில் வாழும் நாம், எங்கே பிள்ளைகள் மொழியை மறந்துவிடுவார்களோ என்னும் அச்சத்தால், அவற்றைச் சற்றுக் கூடுதலான கண்டிப்புடனேயே கற்பிக்கிறோம். நானும் அங்ஙனமே செய்தேன். கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த நாள் முதல், ஞாயிறுதோறும் பத்து வரி ஒப்பித்த பின்னரே சிற்றுண்டி என்று என் மகளுக்கு விதித்திருந்தேன். அவளும் ஒப்பித்தாள், முகம் மட்டும் கஷாயம் குடிப்பவள் முகம்போல் இருந்தது.

ஒரு நாள் மாலை அலுவலகத்திலிருந்து திரும்பியபோது, அவள் ஒரு வங்காளிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சுகுமார் ராய் இயற்றிய 'ஆபோல் தாபோல்' அது. திரைப்பட மேதை சத்யஜித் ராயின் தந்தை அவர். இரண்டாண்டுகளுக்கு மேல் நோயுடன் போராடி, 1923 செப்டம்பரில் தம் 35ஆம் வயதில் காலமானார். அவர் மறைந்த சில நாள்களில் வெளிவந்த இந்நூல் இன்றும் வங்கக் குழந்தைகளைச் சிரிக்க வைக்கிறது.

"அப்பா, இந்தப் பாட்டில் வருகிறவர் அச்சாக உங்களைப் போலவே இருக்கிறார்" என்றாள் மகள். பொருளையும் தமிழில் சொன்னாள். தலைமை அலுவலகத்துப் பெரிய பாபு ஒருவர்; சாந்தமே உருவானவர். நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தவர் திடீரெனத் துள்ளியெழுந்து, தம் மீசை களவு போயிற்று என்று கூக்குரலிடுகிறார். கண்ணாடியைக் காட்டினாலும் ஒப்பவில்லை. இந்த அவலட்சணமான மீசை தம்முடையதன்று எனச் சீறி, அனைவருக்கும் அபராதம் விதிக்கிறார்.

எனக்குச் சுருக்கென்றது. முந்தின வாரந்தான், என் பேனாவை அவள் எடுத்துவிட்டாள் என்று வீடே அதிரக் கத்தி, மாலையில் விளையாடப் போகக்கூடாதென்று தண்டித்திருந்தேன். பேனா என் சட்டைப் பையிலேயே இருந்தது. அவள் அதைச் சுட்டிக் காட்டியபோது, "இது வேறு பேனா" என்று சாதித்தேன். தண்டனையையும் நீக்கவில்லை.

முதலில் சினம் மூண்டது. பின்னர் என்னையறியாமல் சிரித்துவிட்டேன். "அன்று என் மேல்தான் தப்பு, அம்மா" என்றேன். அத்தனை நீதி நூல்களை ஒப்பிக்கச் செய்த எனக்கு, ஒரு மீசைப் பாட்டு நீதி சொல்லிற்று. பெரியோரும் பிழை செய்வர் என்பதைக் கடிந்து கூறினால் மனம் புண்படும். சிரிப்பில் குழைத்துத் தந்தால், கூறியவரும் கேட்டவரும் சேர்ந்து நகைக்கலாம். நகைச்சுவைப் பாட்டின் ஆற்றல் இதுவே எனலாம்.

ஆயினும் அன்றிரவு வேறொரு கவலை வந்தது. என் மகள் வங்காளியில் சிரித்தாள், தமிழில் ஒப்பித்தாள். சிரித்த மொழியன்றோ நெஞ்சில் தங்கும்? தமிழைக் கடமையாக அவளுக்குக் கொடுத்தேனேயன்றி, களிப்பாகக் கொடுக்கவில்லை. நம்மிடம் இல்லாத பொருளா அது? வங்கியில் பணியாற்றிக்கொண்டே குழந்தைகளுக்காக வாழ்நாளெல்லாம் பாடினார் அழ. வள்ளியப்பா, 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தோற்றுவித்தவரும் அவரே. என் தாயாரும் திண்ணையில் எங்கள் விரல்களை எண்ணி எண்ணி, பொருளே இல்லாத பாட்டுகள் பாடியதுண்டு. அவற்றையெல்லாம் ஊரிலேயே விட்டுவிட்டு, ஒப்பித்தலை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அடுத்த விடுமுறைப் பயணச் சலுகையில் சென்னை சென்றபோது, வள்ளியப்பாவின் பாடல் நூல்களை வாங்கி வந்தேன். தாயார் பாடியவற்றில் நினைவிலிருந்த சிலவற்றை நானே பாடிக் காட்டினேன். ஆத்திசூடியைக் கைவிடவில்லை, ஆனால் சிற்றுண்டிக்குப் பிறகுதான் அது.

சென்ற மாதம் மகள் ஒரு தாளை நீட்டினாள். தந்தையின் பேனா காணாமற்போன கதையை நான்கு வரித் தமிழ்ப் பாட்டாக எழுதியிருந்தாள். எழுத்துப் பிழைகள் இரண்டு இருந்தன. முதலில் வாய்விட்டுச் சிரித்தேன்; பிறகே திருத்தினேன், அதே பேனாவால்.