ஒரு 'ஆல்', நாலு வரிசை

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆடிட், ஆள் பற்றாக்குறை என்று ஆயிரம் சாக்கு சொல்லலாம். இன்றைக்கு எழுத உட்கார வைத்தது மகளின் கணக்குப் புத்தகம்.

மகள் இங்கே நாக்பூரில் பன்னிரண்டாம் வகுப்பு, காமர்ஸ். மகாராஷ்டிரா போர்டில் காமர்ஸ் பிள்ளைகளுக்குக் கணக்கில் முதல் பாடமே மேத்தமேட்டிகல் லாஜிக். "அப்பா, ட்ரூத் டேபிள் சொல்லித் தாங்க" என்று நோட்டோடு வந்து நின்றாள். நான் பி.காம். டெபிட், கிரெடிட் தெரியும். ட்ரூத் டேபிள்? "அப்பாவுக்கும் ட்ரூத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சமையலறையிலிருந்து தங்கமணியின் குரல் :-)

மானம் போகக் கூடாதே என்று புத்தகத்தைப் புரட்டினேன். பார்த்தால், இது நான் கவுண்டரில் இருபது வருஷமாகச் செய்கிற வேலை!

புருஷன், பெண்டாட்டி இருவர் பெயரிலும் ஒரு கணக்கு. 'ஜாயின்ட்லி' என்றால் செக்கில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். 'ஈதர் ஆர் சர்வைவர்' என்றால் யாராவது ஒருவர் போதும். எத்தனை விதமாகச் செக் வரலாம்? நாலே விதம்தான். அதை எழுதிக் காட்டினேன்.

அவர் உண்டு, அவர் மனைவி உண்டு: ஜாயின்ட்லி பாஸ், ஈதர் ஆர் பாஸ்.
அவர் உண்டு, மனைவி இல்லை: ஜாயின்ட்லி ரிட்டர்ன், ஈதர் ஆர் பாஸ்.
அவர் இல்லை, மனைவி உண்டு: ஜாயின்ட்லி ரிட்டர்ன், ஈதர் ஆர் பாஸ்.
இருவரும் இல்லை: இரண்டிலும் ரிட்டர்ன்.

பாஸ் என்ற இடத்தில் மெய், ரிட்டர்ன் என்ற இடத்தில் பொய் என்று போட்டால் அதுதான் மெய் அட்டவணை. ஜாயின்ட்லிதான் 'அண்ட்'. ஈதர் ஆர்தான் 'ஆர்'. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஈதர் ஆர் செக்கைத் திருப்பி அனுப்புவோமா? மாட்டோம். லாஜிக்கில் 'ஆர்' என்பதும் அப்படித்தான், இரண்டும் மெய்யானாலும் மெய்.

கூற்றுகள் இரண்டு என்றால் 4 வரிசை, மூன்று என்றால் 8, நாலு என்றால் 16. எவ்வளவு சிக்கலான கூட்டுக் கூற்றாக இருந்தாலும் உள்ளே இருக்கிற சின்னத் துண்டுக்கு முதலில் ஒரு பத்தி, அப்புறம் அடுத்த துண்டுக்கு ஒரு பத்தி என்று போய்க்கொண்டே இருந்தால் கடைசிப் பத்தியில் விடை. ட்ரையல் பேலன்ஸ் மாதிரி நிதானம் போதும், மூளை வேண்டாம். 1921ல் விட்கென்ஸ்டைனும் எமில் போஸ்டும் தனித்தனியாக இந்த அட்டவணையை அச்சில் கொண்டு வந்தார்களாம். நூறு வருஷம் கழித்து ஒரு பேங்க்காரன் டைனிங் டேபிளில் மார்தட்டிக்கொண்டிருக்கிறான்.

மாட்டிக்கொண்டது 'இஃப், தென்'னில்.

"முதல் பாதி பொய்யா இருந்தா மொத்தமும் மெய்னு போட்டிருக்கு. அது எப்படிப்பா?"

"நீ 90 மார்க் வாங்கினால் ஸ்கூட்டி வாங்கித் தருவேன்னு சொல்றேன்னு வச்சுக்கோ. 92 வாங்கறே, வாங்கித் தரேன். மெய். 92 வாங்கறே, நான் தரலை. அப்ப நான் பொய்யன். நீ வாங்கினதே 85தான்னா? நான் ஸ்கூட்டி தந்தாலும் தராவிட்டாலும் என்னைப் பொய்யன்னு சொல்ல முடியாது. மார்க் வந்த பிறகு என்ன செய்வேன்னுதானே வாக்குக் கொடுத்தேன்?"

கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்தாள். அப்புறம் ரொம்ப சாதாரணமாகக் கேட்டாள். "அப்ப தாத்தாகிட்ட நீங்க சொன்னதும் மெய்தானே? டிரான்ஸ்ஃபர் கிடைச்சா வந்துடறேன்னு."

தங்கமணி சமையலறையில் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தியது எனக்குக் கேட்டது.

அப்பா மன்னார்குடிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். 2011ல் புரமோஷனில் என்னை நாக்பூருக்குப் போட்டபோது, பெட்டி கட்டிக்கொண்டே அவரிடம் சொன்னேன். "மூணு வருஷம்தான்ப்பா. டிரான்ஸ்ஃபர் கிடைச்சா வந்துடறேன்." அதன்பின் ஒவ்வொரு வருஷமும் போனில் கேட்பார். "என்ன தம்பி, இந்த வருஷமாவது கிடைக்குமா?" "பாக்கணும்ப்பா, மேலிடத்து முடிவு" என்பேன். அதுவும் பொய் இல்லை.

ஊரில் யாராவது கேட்டால் அப்பா சொல்வாராம். "கிடைச்சிருந்தா வந்திருப்பானே. வரலைன்னா கிடைக்கலைன்னுதான் அர்த்தம்." மகளின் புத்தகத்தில் இதற்கு கான்ட்ரபாசிட்டிவ் என்று பெயர் போட்டிருக்கிறது. மூலக் கூற்றுக்கும் இதற்கும் நாலு வரிசையிலும் ஒரே விடை. ரைஸ் மில் கணக்குப்பிள்ளை, எங்கும் படிக்காமல், தப்பே இல்லாமல் கணக்குப் போட்டிருக்கிறார். 2019ல் அவர் போகும்வரை அந்தக் கணக்கு டேலியாகத்தான் இருந்தது.

ஆனால் 'டிரான்ஸ்ஃபர் கிடைத்தது' என்பதே ஒரு கூட்டுக் கூற்று. எங்கள் வேலையில் சொந்த ஊர்ப் பக்கம் போக வேண்டுமென்றால் நாமாகக் கேட்க வேண்டும். அதாவது 'கேட்டேன்' அண்ட் 'கொடுத்தார்கள்'. இதற்கும் நாலு வரிசை. மூன்றில் விடை பொய். கேட்டேன், கொடுக்கவில்லை, பொய். கேட்கவில்லை, கொடுக்கவில்லை, அதுவும் பொய். கடைசிப் பத்தியை மட்டும் பார்க்கிறவருக்கு எந்த வரிசை என்று தெரியாது. நான் முதல் வரிசையில் நிற்கிறேன் என்று அப்பா நம்பிக்கொண்டிருந்தார். நான் நின்றது மற்றதில்.

ஆமாம் மக்களே, நான் கேட்கவே இல்லை. 2014ல் சர்க்குலர் வந்தது. மகளுக்கு அப்போதுதான் நல்ல பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. தங்கமணிக்கு வேலை. எனக்கு அடுத்த புரமோஷன் கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஃபார்மை மூடி வைத்தேன். அந்த 'அடுத்த வருஷம்' ஐந்து முறை வந்து போனது.

மகளிடம் இதைச் சொன்னேன். திட்டவும் இல்லை, ஆறுதலும் சொல்லவில்லை. நோட்டைப் பார்த்துக்கொண்டே, "அப்ப இது மூணு கூற்று அப்பா. எட்டு வரிசை போடணும்" என்றாள். போட்டோம். 'கேட்டு, கொடுத்து, வராமல் இருந்தால்' என்ற ஒரே ஒரு வரிசையில்தான் என் வாக்கு பொய்யாகிறது. மீதி ஏழிலும் நான் உத்தமன். ஏழையும் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. லாஜிக்கில் பாஸாகிவிட்டேன். அப்பாவிடம் ஆகவில்லை.

அம்மா இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார், தங்கை அடுத்த தெருவில் இருக்கும் தைரியத்தில். மகளுக்கு வரும் மார்ச்சோடு பள்ளி முடிகிறது. இரவு இரண்டு பேரிடமும் பேசிவிட்டு, மறுநாள் ஆபீஸில் கோரிக்கை இடமாற்றத்துக்கு மனு போட்டேன். முதல் தடவையாக. கொடுப்பார்களா என்பது என் கையில் இல்லை. வரிசையாவது மாறியதே.

கிடைத்தால் அம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நினைத்த உடனேயே உறைத்தது, மறுபடியும் ஒரு 'ஆல்'. அன்று சாயங்காலமே போன் போட்டுச் சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் கேட்காமல் இருந்ததையும் சேர்த்து.