இராமேசுவரத் தீவில் இரண்டு இரவுகள்

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் ஊர்ப் பயணப் பேச்சு எழுவது இயல்பு. வீட்டில் வயது முதிர்ந்த தாயோ மாமியாரோ இருப்பின், "இந்த முறையாவது இராமேசுவரம் காட்டிவிடு" என்னும் வேண்டுகோளும் உடன் எழும். அதை நிறைவேற்ற முனையும் நம்மவர் பலர், மதுரையில் இறங்கியதும் ஒரு வாடகைக் காரை அமர்த்துகின்றனர். விடியுமுன் புறப்பட்டு, கடலாடி, தீர்த்தமாடி, தரிசித்து, தனுஷ்கோடியையும் எட்டிப் பார்த்துவிட்டு இரவே திரும்புகின்றனர். களைத்துப்போன அன்னைக்குக் கோயிலும் நினைவில் நிற்பதில்லை. குழந்தைகளுக்குக் கடலும் நிற்பதில்லை. அத்தீவில் இரண்டு இரவேனும் தங்கவேண்டும் என்பதும், அதற்குக் கார் வேண்டியதில்லை என்பதும் என் துணிபு.

கணக்குப் பார்ப்போம். மதுரையிலிருந்து இராமேசுவரம் சுமார் 170 கிலோமீட்டர். காரை நாட்கணக்கில் பேசினால் வாடகையோடு ஓட்டுநருக்குப் படியும் தரவேண்டும். ஆனால் நம் பொழுதில் பெரும்பகுதி கோயிலுக்குள்ளேயே கழியும். அக்கினி தீர்த்தமாகிய கடலில் மூழ்கி, உள்ளே 22 தீர்த்தங்களிலும் வாளியால் நீர் வார்க்கப் பெற்று, ஈர உடை மாற்றி, வரிசையில் நின்று வெளிவரும்வரை அந்தக் கார் வெயிலில் சும்மா நிற்கும். அதற்கு அழும் பணத்தில் இன்னும் ஓர் இரவு தங்கிவிடலாமே!

மும்பையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வருவோர் இடத்தை 60 நாட்களுக்கு முன்பே பதிவு செய்துகொள்வது நலம். மதுரையிலிருந்து தீவுக்கும் ரயிலே உகந்தது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது; அதன்பின் ரயில்கள் மண்டபத்தோடு நின்றுவிட்டன. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது 72.5 மீட்டர் நீளமுள்ள அதன் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலெழும். மும்பைப் பிள்ளைகளுக்கு மின்ரயில் புதிதன்று. எனினும் இருபுறமும் கடல் விரிய, ரயில் மெல்ல ஊர்ந்து செல்லும் அச்சில நிமிடங்கள் அவர்களுக்கு முற்றும் புதியவை. சன்னலோரத்தை அவர்களுக்கே விட்டுவிடுங்கள்.

முழங்கால் நோவுள்ள முதியோரோ கைக்குழந்தையோ உடனிருந்தால் கார் அமர்த்துவதில் தவறில்லை. அப்போது எண் பலகையைப் பாருங்கள். ஓட்டுநரோடு வரும் வாடகைக் காருக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகையுள்ள சொந்தக் காரைச் சிலர் மலிவாகப் பேசித் தருவர். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை கிடைப்பது அரிது. அந்த மலிவு நமக்கு வேண்டாம்.

தங்குமிடத்தைக் கோயிலிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே பாருங்கள். தேவஸ்தான விடுதிகள் உண்டு. கடற்கரையருகே தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதியும் உண்டு. தனியார் விடுதிகளுக்கும் குறைவில்லை. கீழ்த்தள அறையா, விடியற்காலையில் வெந்நீர் வருமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது முதியோருக்கு உதவும். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் அறை கிடைப்பது அருமை. அருகில் தங்குவோர்க்கே எளிதில் வாய்ப்பது ஒன்றுண்டு: விடியற்காலை 5 மணியளவில் நடைபெறும் ஸ்படிக லிங்க தரிசனம். கைப்பேசியைக் கோயிலுக்குள் கொண்டுபோக இயலாதாகையால், அதை அறையிலேயே வைத்துவிட்டு வரவும் அண்மை வசதி.

நமக்கு வியப்பளிக்கும் செய்தியும் ஒன்றுண்டு. இக்கோயில் கருவறையில் வழிவழியாகப் பூசை செய்வோர் மராட்டிய அந்தண மரபினர். வீதிகளிலும் வடநாட்டு யாத்திரிகரின் இந்தி நிறையக் காதில் விழும். தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசும் நம் குழந்தைகள் இங்கே திகைத்து நிற்கமாட்டார்கள். தமிழ் பேசிப் பழகட்டும் என்றே அழைத்து வந்த பெற்றோருக்கு இது சற்று ஏமாற்றமாகவும் இருக்கலாம்!

உணவு எளியது. கோயிலைச் சுற்றியுள்ளவை பெரும்பாலும் சைவ உணவகங்கள். இட்லியும் சாப்பாடும் கிடைக்கும், வடநாட்டு ரொட்டியும் கிடைக்கும். மீன் விரும்புவோர் பாம்பனிலும் தனுஷ்கோடிக் குடிசைக் கடைகளிலும் வறுத்த மீன் உண்ணலாம். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குக் கடலில் தடை. நம் கோடை விடுமுறை பெரும்பாலும் அந்நாட்களில்தான் விழுகிறது. நாட்டுப் படகில் வரும் மீனே அப்போது கதி. கூடுமானால் ஜனவரி, பிப்ரவரியில் செல்வதே சிறப்பு. மழையும் ஓய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிராது.

இரண்டாம் நாள் தனுஷ்கோடிக்கு ஆட்டோ போதும். கட்டணத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் ஏறுமுன்னரே பேசி முடித்துக்கொள்க. பேருந்தும் உண்டு. வழியில் இடிந்த தேவாலயச் சுவர்களருகே இறங்குங்கள். இங்கிருந்து ஒருகாலத்தில் இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் சென்றது. தேயிலைத் தோட்டத்திற்கும் வணிகத்திற்கும் கடல் கடந்த நம் முன்னோர் பலர் கண்ட கடைசித் தாயகக் கரை இதுவே. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரும், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் கடலுக்கு இரையாயின. அதன்பின் அரசு இதனை வாழத் தகாத இடமென அறிவித்தது. ஆயினும் மீனவக் குடும்பங்கள் சில ஓலைக் குடிசைகளில் இன்றும் இருக்கின்றன. தேநீரும் சங்கும் விற்பவர்கள் அவர்களே. குழந்தைகளுக்கு அந்த இரவின் கதையை அங்கேயே சொல்லுங்கள்.

2017-இல் திறக்கப்பட்ட சாலை அரிச்சல்முனைவரை செல்கிறது. அங்கே இரு கடல்களும் கூடுகின்றன, நீரோட்டம் கடியது. கணுக்கால் நனைய நிற்பதோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். குளிப்பதற்கு அக்கினி தீர்த்தக் கரையின் அமைதியான நீர் இருக்கிறது. மாலையானதும் முனையிலிருந்து எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவர். ஆகவே பிற்பகல் 3 மணிக்குள் புறப்பட்டுச் செல்க. பேக்கரும்பில் உள்ள அப்துல் கலாம் நினைவகத்தை ஊர் திரும்பும் நாளின் காலைக்கு வைத்துக்கொண்டால், மதுரை ரயிலுக்கு முன் நிதானமாகப் பார்த்துவிடலாம்.