செத்துப்போன பிக்கப்பும் 118 கிலோ ஓமும்

உங்க பேஸ் கிட்டார்ல "பிக்கப் செத்துடுச்சு"ன்னு யாராவது சொன்னா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "மீட்டர் வெச்சுப் பாத்தீங்களா?" எங்க மியூசிக் கிளப் பேஸை ஒரு கடைக்கு எடுத்துட்டுப் போனோம். அங்க இருந்தவர் ஆம்ப்ல மாட்டினார், நாலு கம்பியையும் ஒரு தடவை தட்டினார், "நெக் பிக்கப் காலி தம்பி, செட்டாதான் மாத்தணும்" என்றார். மீட்டரைக் கையில எடுக்கவே இல்லை. அவர் சொன்ன விலை கிளப் கையில இருந்த பணத்தைப் போல மூணு மடங்கு.

கிளப்புக்கு பேஸ் அது ஒண்ணுதான். எப்பவோ ஒரு பேட்ச் சீனியர்ஸ் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வாங்கினது, ஜாஸ் பேஸ் மாடல்ல வந்த ஒரு காப்பி. கல்ச்சுரல்ஸுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். இந்த வருஷம் பேஸ் வாசிக்க இருந்தது ஒரு செகண்ட் இயர் மெக்கானிக்கல் பொண்ணு. சொந்தமா பேஸ் கிடையாது, ஏழு மாசமா இதுலதான் பழகினா. "கீபோர்டு வாசிக்கிறவனே இடது கையில பேஸ் போட்டுக்கட்டும்"னு பேண்டுக்குள்ள பேச்சு ஆரம்பிச்சிடுச்சு. அவ எதுவும் சொல்லல. ப்ராக்டிஸுக்கு வர்றதை மட்டும் குறைச்சுக்கிட்டா.

பிக்கப்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: கம்பிகளுக்குக் கீழே சின்ன காந்தங்கள், அதைச் சுத்தி மெல்லிய செம்புக் கம்பியில ஆயிரக்கணக்கான சுற்று. அவ்வளவுதான். மேலே இருக்கிற எஃகுக் கம்பி அதிர்ந்தா காந்தப்புலம் மாறும், சுருள்ல வோல்டேஜ் வரும். ப்ளஸ் டூவுல ரெண்டு மார்க்குக்கு எழுதின அதே ஃபாரடே விதி. லியோ ஃபெண்டரோட கம்பெனி 1960ல கொண்டுவந்த ஜாஸ் பேஸ்ல இந்த மாதிரி ரெண்டு பிக்கப். ஒண்ணு கழுத்துப் பக்கம், ஒண்ணு பிரிட்ஜ் பக்கம். பிரிட்ஜ் பக்கத்துல கம்பி அதிகம் ஆடாது. அதனால அந்த பிக்கப் மட்டும் வேலை செஞ்சா சத்தம் மூக்கால பேசுற மாதிரி இருக்கும். வயித்துல இடிக்கிற அந்தக் கனம் நெக் பிக்கப்ல இருந்துதான் வரணும். (இளையராஜா பாட்டை போன் ஸ்பீக்கர்ல கேட்டுட்டு "இதுல பேஸ் எங்க இருக்கு?"ன்னு கேக்குறவங்க தயவுசெஞ்சு ஒரு தடவை ஹெட்போன் போட்டுக் கேளுங்க.)

முதல் தடயம் கடைக்குப் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே கிடைச்சிடுச்சு. அதைக் கண்டுபிடிச்சது அந்தப் பொண்ணுதான். "அண்ணா, ரெண்டு வால்யூமையும் ஃபுல்லா வெச்சாலும் உர்ர்ருன்னு கேட்டுட்டே இருக்கு." எல்லாரும் டியூப் லைட் மேல பழியைப் போட்டாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க. இந்த மாடல் பேஸ்ல பொதுவா ரெண்டு பிக்கப்பையும் எதிரெதிர் திசையில சுத்தியிருப்பாங்க, காந்தங்களோட துருவமும் தலைகீழா இருக்கும். ரெண்டும் முழு வால்யூம்ல இருந்தா கம்பியோட சிக்னல் ஒண்ணோட ஒண்ணு சேரும், வெளியில இருந்து வர்ற இரைச்சல் ஒண்ணை ஒண்ணு கழிச்சுக்கும். இரைச்சல் போகலைன்னா கழிக்க வேண்டிய ஆள் வேலைக்கு வரலைன்னு அர்த்தம். எங்க டியூப் லைட் எத்தனையோ வருஷமா அங்கேயேதான் இருக்கு.

சரி, ஒரு பிக்கப் பேசல. அது ஷார்ட்டா, ஓப்பனா? இதுக்கு ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். முழு வால்யூம்ல ரெண்டு பிக்கப்பும் இணையாதான் இருக்கு. அப்போ ஒண்ணு ஷார்ட் ஆனா மத்ததையும் சேத்து அமுக்கிடும், பேஸ்ல இருந்து சத்தமே வராது. எங்களுக்கு பிரிட்ஜ் பிக்கப் நல்லா கேட்டுச்சு. அதனால எங்கேயோ அறுந்திருக்கு, இது ஓப்பன்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. பேஸைப் பிரிக்காம உள்ள பாக்குறது. ஆம்ப்ல இருந்து கேபிளைக் கழட்டிட்டு, அந்த முனையில மல்டிமீட்டரை வைங்க. ஒரு புரோப் நுனியில, இன்னொண்ணு உடம்புல. மீட்டர் ஓம்ஸ்ல இருக்கட்டும். (உங்க பேஸ்ல பேட்டரி இருந்தா இந்த வழி செல்லாது. நடுவுல ப்ரீஆம்ப் இருக்கும், முதல்ல பேட்டரியை மாத்திப் பாருங்க.) இந்த வகை பிக்கப் ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 7ல இருந்து 8 கிலோ ஓம். ரெண்டும் நல்லா இருந்தா இணைப்புல 3.7 பக்கம் காட்டணும். எங்களுக்குக் காட்டினது 7.3. ஒரு ஆள்தான் இருக்கார்.

இப்போ பிரிட்ஜ் வால்யூமைச் சுத்தமா குறைச்சேன். ஜாஸ் பேஸ் வயரிங்ல ஒரு புத்திசாலித்தனம் உண்டு. பிக்கப் வயர் வால்யூம் பாட்டோட நடுக்காலுக்குப் போகும், அதனால ஒண்ணைக் குறைச்சா மத்தது ஊமையாகாது. அப்படின்னா இப்போ நெக் மட்டும் தனியா 7 காட்டணும். மீட்டர்ல வெறும் "1" வந்துச்சு, ரேஞ்ச் பத்தலைன்னு. 200 கிலோ ரேஞ்சுக்கு மாத்தினா 118. இந்த நம்பரைப் பாத்ததும் நான் சிரிச்சிட்டேன். ரெண்டு வால்யூம் பாட்டும் ஆளுக்கு 250 கிலோ, இணையா 125. மலிவு பாட்டுல இவ்வளவு வித்தியாசம் சகஜம். மீட்டர் பாத்துக்கிட்டிருந்தது ரெண்டு பாட்டை மட்டும்தான், பிக்கப் அந்த சர்க்யூட்லயே இல்லை.

இதுக்கு அப்புறம்தான் ஸ்க்ரூ டிரைவர். கன்ட்ரோல் பிளேட்டைத் திறந்து, நெக் பிக்கப் வயரை பாட்ல இருந்து பிரிச்சு, அதை மட்டும் தனியா அளந்தோம். ஓப்பன். பாட்டும் ஜாக்கும் நிரபராதி. பிக்கப்பை வெளியே எடுத்து, வயரை விட்டுட்டு அது முடியுற இடத்துல, சுருள் வந்து சேர்ற ரெண்டு ஓட்டைப் புள்ளியில அளந்தோம். அங்கேயும் ஓப்பன். வயரும் நிரபராதி. பழி கடைசியா சுருள் மேலதான் வந்து நின்னுது. "அப்போ கடைக்காரர் சொன்னது கரெக்ட்தானே?"ன்னு பக்கத்துல இருந்தவன் கேட்டான்.

போன் கேமராவை மேக்ரோல வெச்சு ஜூம் பண்ணினோம். ஒரு ஓட்டையில சால்டர் மேல பச்சையா ஒரு பூச்சு. வியர்வையா, ஈரக்காத்தா, ரெண்டுமான்னு சொல்ல முடியாது. அதுக்குப் பக்கத்துல, சால்டரைத் தொடாம, முடி மாதிரி ஒரு செம்பு நுனி அந்தரத்துல நின்னுது.

கொஞ்சம் கணக்குப் போடுங்க. இந்த மாதிரி பிக்கப்ல வழக்கமா சுத்துறது 42 கேஜ் கம்பி, செம்போட விட்டம் 0.063 மில்லிமீட்டர். ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 5.4 ஓம். 7.4 கிலோ ஓம் வரணும்னா கம்பியோட நீளம் 1,300 மீட்டருக்கு மேல. ஹாஸ்டல்ல இருந்து மெயின் கேட் வரைக்கும் இழுத்தாலும் மீதி இருக்கும். அதுல அறுந்திருந்தது ஒரு ரெண்டு மில்லிமீட்டர்.

அதிர்ஷ்டமும் இருந்துச்சு, மறைக்க வேண்டாம். அறுந்தது சுருளோட வெளிமுனை. உள்முனையா இருந்திருந்தா மொத்தத்தையும் புதுசா சுத்த வேண்டியதுதான். வெளிமுனைன்னா ஒரு சுற்றைப் பிரிச்சாலே போதிய நீளம் கிடைச்சிடும். ஆயிரக்கணக்கான சுற்றுல ஒண்ணு போனா யாருக்கும் தெரியாது.

இதைச் செய்யப் போறீங்கன்னா ஒண்ணு சொல்றேன்: எஃகு ட்வீசரைப் பக்கத்துல கொண்டுபோகாதீங்க. காந்தம் லபக்குன்னு இழுத்து, ட்வீசர் நுனி சுருள் மேலயே இறங்கிடும். நாங்க ஊதுபத்திக் குச்சியால கம்பியைத் தள்ளினோம். குச்சியைப் பிடிச்சது அந்தப் பொண்ணு. ஏழு மாசமா பேஸ் வாசிச்ச விரல், என் கையைவிட நடுக்கம் கம்மி. பழைய சால்டரைச் சுத்தம் பண்ணி, நுனியில இருக்கிற இனாமலை ரொம்பப் பொடியான உப்புத்தாளால ரெண்டு தடவை தடவி, புது சால்டர் ஒரு துளி. சூடு ஒரு நொடிக்கு மேல வேண்டாம். கம்பியை விறைப்பா இழுக்காம கொஞ்சம் தொய்வு விட்டோம்.

மீட்டர்: 7.4.

எல்லாத்தையும் பழைய இடத்துலயே சேத்து, மூடுறதுக்கு முன்னாடி ஆம்ப் சத்தத்தைக் குறைச்சு வெச்சு ஸ்க்ரூ டிரைவரால பிக்கப்போட காந்த முனைகளைத் தொட்டுப் பாத்தோம். டொக், டொக், டொக், டொக். ரெண்டு நாபையும் ஃபுல்லா திருப்பினா இரைச்சல் போயிடுச்சு. டியூப் லைட் எரிஞ்சுக்கிட்டேதான் இருந்தது.

மூடும்போது அவ "இருங்க அண்ணா"ன்னு சொல்லி, ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பைக் கிழிச்சு, கன்ட்ரோல் பிளேட்டுக்கு உள்பக்கம் ஒட்டி, பேனாவால எழுதினா: நெக் 7.4, பிரிட்ஜ் 7.8, ரெண்டும் சேத்து 3.7. கீழே தேதி. அடுத்த பேட்ச்ல யாராவது திறந்தா தெரியட்டும்னு.