இலைதானே!

மாமனார்களுக்கு என்று சில கட்டுப்பாடுகள் உண்டு. மாப்பிள்ளை வீட்டில் நடு ராத்திரியில் சமையலறை விளக்கு எரிந்தால், அதைப் பார்க்காதவர்போலப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டுவிட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. 2023 பிப்ரவரியில், நியூ ஜெர்ஸியில் என் பெண் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒருநாள் நான் அந்தக் கட்டுப்பாட்டை மீறினேன். மணி மூன்று. எழுபது வயதுக்காரனுக்கு மூன்று மணிக்குத் தாகம் எடுப்பது ஒன்றும் அதிசயமில்லை. மாடியிலிருந்து இறங்கிப் போனேன்.

மாப்பிள்ளை சமையல் மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே தண்ணீர் உறைகிற குளிர். அவருக்கோ சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"தூங்கலையா மாமா?" என்றார். சொல்லி முடிப்பதற்குள் ஒரு கொட்டாவி. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தது. கை ரோமமெல்லாம் குத்திட்டு நின்றது. "ஜலதோஷம்" என்று அவராகவே சொன்னார்.

எனக்கு அது ஜலதோஷமாகப் படவில்லை. அதற்குக் காரணம் என் அம்மா. அவளுடைய தாத்தாவுக்கு அபின் பழக்கம். அந்தக் காலத்தில் சர்க்கார் லைசென்ஸ் பெற்ற கடையிலேயே அதை விற்றார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் மிளகளவு உருட்டி வாயில் போட்டுக்கொண்டு, மேலே ஒரு டம்ளர் பால் குடிப்பாராம். கடைக்குச் சரக்கு வராத நாட்களில் அவர் பட்ட பாட்டை அம்மா நடித்தே காட்டுவாள். ஓயாத கொட்டாவி, ஆனால் தூக்கம் வராது. அழாமலே கண்ணீர். காலை நீட்டுவார், மடக்குவார், ஒன்றோடொன்று உதைத்துக்கொள்வார். குழந்தைகள் நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அறுபது வருஷத்துக்கு முன்பு பார்த்துச் சிரித்த அந்த நாடகம் அன்றைக்கு என் எதிரில் மறுபடியும் நடந்தது.

"மாப்பிள்ளை, எதை நிறுத்தியிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு காலிப் பொட்டலத்தை எடுத்து மேடைமேல் வைத்தார். ஓரங்களில் பச்சைப் பொடி ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கண்டதும் எனக்கு அடிவயிறு கலங்கிற்று. அந்தப் பொடி எனக்குப் பழைய சிநேகிதம்.

2019-ல் நாங்கள் முதல் தடவை போயிருந்தபோது மாப்பிள்ளைக்குக் கடுமையான முதுகுவலி. நாள் முழுவதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற உத்தியோகம். டாக்டர் கொடுத்த மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கிற்று. ஆபீஸில் யாரோ சொன்னார்கள் என்று, பெட்ரோல் பங்க்கை ஒட்டிய கடையிலிருந்து க்ராட்டம் என்ற இந்தப் பொடியை வாங்கி வந்தார். பொட்டலத்தின்மேல் லட்சணமாக ஓர் இலை போட்டிருந்தது. "சாப்பிடலாமா மாமா?" என்று, ஊரிலிருந்து வந்த பெரியவன் என்ற மரியாதைக்கு என்னைக் கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இலைதானே மாப்பிள்ளை! இங்கிலீஷ் மருந்துக்கு இது எவ்வளவோ தேவலை" என்று ஆரம்பித்து, நிலவேம்பு, கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி என்று அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன். பிரசங்கத்தோடு நின்றேனா? எனக்கும் முழங்கால் வலி. வெந்நீரில் ஒரு ஸ்பூன் கலந்து குடித்தேன். கசப்பு என்றால் அப்படியொரு கசப்பு. அரைமணியில் முழங்கால் என்று ஓர் உறுப்பு இருப்பதே மறந்துபோயிற்று. அன்று பிற்பகல் நாவலில் ஓர் அத்தியாயம் முழுவதையும் எழுதி முடித்தேன். அந்த அத்தியாயத்தைப் பிறகு கிழித்துப் போட்டேன் என்பது வேறு விஷயம்.

அப்போதே படித்திருக்க வேண்டியதைப் பின்னால்தான் படித்தேன். க்ராட்டம் ஒரு மரம். நம் ஊர் நீர்க்கடம்புக்கு உடன்பிறப்பு. காப்பிச் செடிக்குத் தூரத்து உறவு. தாய்லாந்தின் தென்பகுதியிலும் மலேசியாவின் வடகோடியிலும் வெயிலில் பாடுபடுகிற ஜனங்கள் அதன் பச்சை இலையைத் தலைமுறை தலைமுறையாக மென்று வந்திருக்கிறார்கள். கொஞ்சமாகச் சாப்பிட்டால் சுறுசுறுப்பு, மிஞ்சினால் மயக்கம். அதிலுள்ள மித்ராகைனின் என்ற சத்து, மூளையில் அபின் போய் உட்காருகிற அதே இடத்தில் போய் உட்காருகிறது. மென்று தின்கிறவனுக்கு வாய் வலிக்கும், கசக்கும், போதும் என்று துப்பிவிடுவான். பொடிக்கு அந்தக் காவல் கிடையாது.

தாய்லாந்து இதை 1943-ல் சட்டம் போட்டுத் தடுத்து, 2021-ல் தடையை விலக்கிக்கொண்டது. அமெரிக்காவில் 2016-ல் மத்திய சர்க்கார் தடை செய்யப்போவதாக அறிவித்தது. ஜனங்கள் போட்ட கூச்சலில் இரண்டே மாதத்துக்குள் பின்வாங்கிவிட்டது. அப்புறம் மாநிலத்துக்கு ஒரு நியாயம். நியூ ஜெர்ஸியில் நான் பார்த்தபோது, சிகரெட் லைட்டருக்கும் சூயிங்கத்துக்கும் நடுவில் சரம் சரமாகத் தொங்கிற்று. அந்த மாநிலத்தில் பெட்ரோலை வண்டிக்காரர் தாமே பிடித்துக்கொள்ளக் கூடாது, ஆள் வந்துதான் ஊற்ற வேண்டும் என்று சட்டம். பொடியை யாரும் தாமே எடுத்துக்கொள்ளலாம்.

அன்று விடியும்வரை மாப்பிள்ளை பேசினார். முதுகுவலி இரண்டாம் வருஷமே போய்விட்டதாம். பொடி போகவில்லை. காலையில் ஒரு ஸ்பூன் என்றிருந்தது, மத்தியானமும் ஆயிற்று, ராத்திரியும் ஆயிற்று. பிறகு நான்கு மணிக்கு ஒரு தரம். தூக்கத்தில் அலாரம் வைத்து எழுந்து சாப்பிட்டிருக்கிறார். மூன்று தடவை விட்டுப் பார்த்து மூன்று தடவையும் இரண்டாம் நாள் கடைக்கு ஓடியிருக்கிறார். வழக்கமான டாக்டரிடம் சொன்னபோது, சிறுநீர்ப் பரிசோதனையில் ஒன்றுமில்லை, மூலிகைதானே, நிறுத்திவிடு என்றாராம். சாதாரணப் பரிசோதனையில் இந்தச் சத்து அகப்படாது. "மூலிகைதானே" என்று அவர் சொன்னதை மாப்பிள்ளை சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது மாமா. சொல்லிடாதீங்க."

சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். அது சரியா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

நேரில் போகாமல் கைபேசி வழியாகவே இதற்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் ஒருவரின் விலாசம் அவரிடம் ஒரு மாதமாக இருந்தது. கூப்பிடத்தான் துணிவில்லை. இதற்குரிய மருந்தைக் கொடுக்க நோயாளியை நேரில் பார்த்தே தீர வேண்டும் என்று அமெரிக்காவில் 2008-லிருந்து சட்டம். 2020 மார்ச்சில் கொரோனாவை முன்னிட்டு விலக்கு அளித்தார்கள். அது 2023-லும் நீடித்தது. மருந்தை எழுதித் தரத் தனி அனுமதி வேண்டும் என்றிருந்த நிபந்தனையும் அப்போதுதான் எடுபட்டிருந்தது. "கூப்பிடுங்க, நான் பக்கத்துல இருக்கேன்" என்றேன்.

பெண் ஆபீஸுக்குப் போனாள். மாடியில் என் மனைவி. ஆகவே கார் ஷெட்டில் நிற்கிற காருக்குள் உட்கார்ந்தோம். மூடிய ஷெட்டில் என்ஜினைப் போடக் கூடாது. ஒரே கம்பளியை இருவரும் போர்த்திக்கொண்டோம்.

கைபேசியில் தெரிந்தவள் நரைத்த தலையோடு ஓர் அம்மாள். அவளுக்குப் பின்னால் நாற்காலியில் ஒரு பூனை தூங்கிற்று. மாப்பிள்ளை நான்கு வருஷமாகச் சொல்லாததையெல்லாம் இருபது நிமிஷத்தில் அவளிடம் இங்கிலீஷில் கொட்டினார். நேரில் என்றால் வாய் வந்திருக்காது என்று பிற்பாடு சொன்னார். கை நாடி பார்க்காத வைத்தியம் என்ன வைத்தியம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாளோ கண்ணைக் கிட்டே கொண்டுவரச் சொல்லிப் பாவையைப் பார்த்தாள், ரோமத்தைப் பார்த்தாள், கொட்டாவியை எண்ணினாள். இந்த அவஸ்தையை அளக்கப் பதினோரு அம்சங்கள் கொண்ட கணக்கு ஒன்று இருக்கிறது. கடைசியில், பக்கத்திலிருப்பது யார் என்று கேட்டு, என்னையே நாடியை எண்ணச் சொன்னாள்.

கல்யாணத்தன்று என் பெண்ணின் கையை அந்தக் கையில் பிடித்துக் கொடுத்ததற்குப் பிறகு, அன்றுதான் நான் அதைத் தொட்டேன். நூற்றுப் பன்னிரண்டு.

அவஸ்தை நன்றாக வந்த பிறகுதான் இந்த மருந்தைத் தொடங்கலாமாம். முன்கூட்டிக் கொடுத்தால் இருக்கிற அவஸ்தையைப் பன்மடங்காக்கிவிடும். இவருக்குக் கணக்கு சரியாக வந்துவிட்டது. அந்த அம்மாள் அங்கிருந்தே மருந்துக் கடைக்குச் சீட்டு அனுப்பினாள்.

நடக்கிற தூரத்தில் கடை. அங்கிருந்தவர் சீட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், டாக்டர் எந்த ஊர் என்று கேட்டார், சரக்கு இல்லை என்றார். அவர் பார்த்த பார்வையில் மாப்பிள்ளை பாதியாகக் குறுகிப் போனார். திரும்புகிற வழியில்தான் அந்தப் பெட்ரோல் பங்க். கண்ணாடிக்குப் பின்னால் பொட்டலங்கள் நன்றாகத் தெரிந்தன. மாப்பிள்ளை நின்றுவிட்டார். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் தீர்ந்துவிடும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிரசங்கம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. அதை 2019-லேயே செய்து முடித்தாகிவிட்டது. "கால் வலிக்குது மாப்பிள்ளை, சித்த உட்காரலாம்" என்று பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். வலி உண்மைதான். மாமனாரை நடுத்தெருவில் விட்டுவிட்டு எந்த மாப்பிள்ளை போவார்? அவரும் உட்கார்ந்தார், காலை உதறிக்கொண்டே. கொஞ்ச நேரங்கழித்து டாக்டருக்குப் போன் செய்தார். வேறொரு கடையில் மருந்து கிடைத்தபோது மணி மூன்றரை.

புப்ரெனார்ஃபின் என்று பெயர். 1960-களில் இங்கிலாந்தில், அபின் செடியின் சத்திலிருந்தே செய்தார்கள். 2002-ல் அமெரிக்கா இந்தச் சிகிச்சைக்கு அனுமதித்தது. கல்யாணப் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து, கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொண்டு, இலையை விட்டு எழுந்திருக்காமலும் வேறொருவரை உட்காரவிடாமலும் இருப்பவர்கள் உண்டல்லவா? மூளையில் இது செய்கிற காரியம் அதுதான். நாக்குக்கு அடியில் வைத்துக் கரையவிட வேண்டும். விழுங்கக் கூடாது, பேசக் கூடாது.

மாப்பிள்ளை மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து வாசற்கதவு திறந்தது. என் பெண் அன்று சீக்கிரம் வந்துவிட்டாள்.

"என்ன, ஆபீஸ் போகலையா? உடம்பு சரியில்லையா?"

அவர் வாயைத் திறக்க முடியாது. நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். இரண்டு ஆண்பிள்ளைகள் ஊமைகளாக உட்கார்ந்திருப்பதை மாறி மாறிப் பார்த்தாள். மேஜைமேல் மருந்துப் பெட்டி. எடுத்துப் படித்தாள். கைபேசியில் அந்தப் பெயரைப் போட்டுப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

மாப்பிள்ளை நான்கு விரலைக் காட்டினார்.

"நாலு நாளா?" இல்லை என்று தலையாட்டினார். "நாலு மாசமா?" அதற்கும் தலையாட்டினார். அவள் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் கழித்து, "நான் வேற என்னென்னவோ நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். அவர் பக்கம் திரும்பி அல்ல, பெட்டியைப் பார்த்துக்கொண்டு. அந்த என்னென்னவோ என்ன என்று நாங்கள் யாரும் இதுவரை கேட்கவில்லை.

பிறகு என்னிடம் வந்தாள். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து ராத்திரி."

"காலையில காப்பி போட்டுக் குடுத்தேனே, அப்பத் தெரியும். சிரிச்சுப் பேசினீங்களே அப்பா."

அதற்குப் பதில் இல்லை. அவரோடு அன்று ராத்திரியே பேசிவிட்டாள்; என்னோடு பேச நான்கு நாள் ஆயிற்று. 2019-ல் நான் செய்த பிரசங்கத்தை ஐந்தாம் நாள் நானே சொன்னேன். அதற்கு ஒரு நாலு நாள்.

மருந்து உள்ளே போன ஒரு மணியில் ரோமம் படிந்தது. ராத்திரி தயிர் சாதம் சாப்பிட்டு, எட்டு மணிநேரம் தூங்கினார். அதோடு கதை முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். வாரம் ஒரு தரம் காருக்குள் உட்கார்ந்து பேசுவது, பிற்பாடு மாதம் ஒரு தரமாயிற்று. காரிலிருந்து கூடத்துக்கும் வந்தது. அந்த வருஷக் கடைசியில் வேலைத் தொல்லையில் ஒரு பொட்டலம் வாங்கிவிட்டார். வாங்கினதை அன்றைக்கே அந்த அம்மாளிடமும் பெண்ணிடமும் சொன்னார். ஒரு பழக்கத்துக்கு இன்னொரு பழக்கமா என்று என் மனைவி கேட்டாள். பலரும் கேட்கிற கேள்விதான். ராத்திரி அலாரம் வைத்து எழுந்திருக்காத மாப்பிள்ளையைப் பார்த்த பிறகு அவளே விட்டுவிட்டாள். மருந்து குறைந்துகொண்டு வருகிறது, இன்னும் நிற்கவில்லை.

2025 ஜூலையில், இந்த இலையிலுள்ள இன்னொரு சத்தைத் தனியே செறிவாக்கி விற்கிற சரக்குகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அமெரிக்க மருந்து இலாகா சிபாரிசு செய்த செய்தியை மாப்பிள்ளைதான் எனக்கு அனுப்பினார். கீழே, "எழுதுங்க மாமா, பேர் மட்டும் போடாதீங்க" என்று ஒரு வரி. எழுதி அனுப்பினேன். ராத்திரி போனில் கூப்பிட்டார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு மாமா. ஒரே ஒரு தப்பு. அன்னிக்கு நீங்க சாப்பிட்டது ஒரு ஸ்பூன் இல்லை. சாயங்காலம் கேட்டு வாங்கி இன்னொண்ணும் சாப்பிட்டீங்க."