வேகமும் வெக்கையும்

காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் உப்புக்காற்று எவரையும் கேளாமலே வீடுகளுக்குள் நுழைந்துவிடும். யன்னற் கம்பிகளைத் துருவேற்றும். மின்விசிறியின் இதழ்களில் ஒட்டுந்தன்மையுள்ள கருந்தூசியைப் படியவைக்கும். அத்தகைய ஒழுங்கையொன்றின் மூன்றாம் மாடி வீட்டில், 2022ஆம் ஆண்டின் இறுதியில், பல்கலைக்கழக மாணவன் ஒருவன் தன் பழைய கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே கைவைத்தான். பதினொரு ஆண்டு வயதுடைய புறொசெசரை அதன் பிறவி வேகத்துக்கு மேலே ஓடச்செய்வதே அவன் நோக்கம்.

விளையாட்டுப் பிள்ளையின் வேலை என்று இதனைத் தள்ளிவிடுதல் எளிது. விளையாட்டுக்காகவே அவன் அதைச் செய்தான் என்பதும் மெய்யே. ஆயினும் அவ்வாண்டின் கொழும்பை நினைவிற் கொள்ளவேண்டும். மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்ந்தது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவின் கண்ணாடிப் பெட்டிகளுள் இருந்த புதிய கணினிப் பாகங்கள், அவனைப் பொறுத்தவரையில், நூதனசாலைப் பொருள்களாகிவிட்டன. வாங்க முடியாதவன் கையிலிருப்பதைப் பிழிந்து பார்ப்பது இயல்பு. ஓய்வூதியத்தில் வாழும் தந்தையிடம் கேட்க அவனுக்கு வாயெழவில்லை.

வீட்டிலிருந்தது 2011 ஜனவரியில் வெளிவந்த இன்ரெல் கோர் ஐ5-2500கே. அதன் அடிப்படை மீடிறன் 100 மெகாஹேர்ட்ஸ், பெருக்கி 33, ஆகவே வேகம் 3.3 கிகாஹேர்ட்ஸ். பெயரின் ஈற்றிலுள்ள 'கே' என்னும் எழுத்துத்தான் சிறப்பு. பெருக்கியின் பூட்டுத் திறந்திருக்கிறது என்பதே அதன் பொருள். 33ஐ 45 ஆக்கினால் 4.5 கிகாஹேர்ட்ஸ். எண்ணை மாற்றுவதற்குச் செலவில்லை. செலவு வேறிடத்தில் வருகிறது.

கடிகாரத்தின் ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் மின்குறிகள் தத்தம் பாதையைக் கடந்து முடித்தாகவேண்டும். 4.5 கிகாஹேர்ட்ஸில் ஒரு துடிப்பு ஒரு நனோசெக்கனின் ஏறத்தாழ 0.22 பங்கு, அவ்வளவு நேரத்தில் ஒளியே ஏழு சென்ரிமீற்றர் கூடச் செல்லாது. ஒரு குறி பிந்திவிட்டால், வரவேண்டிய ஒன்றுக்குப் பதிலாகப் பழைய பூச்சியமே பதிவாகிவிடும். திரான்சிற்றர்களை விரைவுபடுத்த வோல்ற்றளவைக் கூட்டலாம். ஆனால் செலவாகும் வலு மீடிறனோடு நேராகவும் வோல்ற்றளவின் வர்க்கத்தோடும் கூடுவது. 1.20 வோல்ற்றை 1.35 ஆக்கி 4.5ஐத் தொட்டபோது அவன் பெற்ற வேகம் 36 சதவீதம் கூடியது. வெப்பமோ கணக்கின்படி 73 சதவீதம் கூடியது. குளிர்நாட்டார் தம் அறையின் 20 பாகை வெப்பநிலையில் அளந்து எழுதும் அட்டவணைகள் இங்கே பொருந்தா. காற்றினால் குளிர்விக்கும் எக்கருவியும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே செல்லவியலாது. வெள்ளவத்தையின் ஏப்ரல் மாத அறையில் அந்தத் தொடக்கப் புள்ளியே 31, 32 பாகை.

குளிர்விப்பானைத் தேடிய பயணம் அவனைக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுசென்றது. ஜம்பட்டா வீதிக்கு அணித்தாய், இருவர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்கவேண்டிய சிறு திருத்தகம் ஒன்றில், ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் இருந்தார். அவரும் ஒரு காலத்தில் இந்நோயாற் பீடிக்கப்பட்டவர். 1998 ஓகஸ்டில் வெளிவந்த செலரோன் 300ஏ அவருடைய இளமைக் காதல். அதிற் பெருக்கி 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. ஆனால் தாய்ப்பலகையின் 66 மெகாஹேர்ட்ஸை 100 ஆக்க முடிந்தது. 300 மெகாஹேர்ட்ஸுக்கு விற்ற பொருள் 450இல் ஓடிற்று. மலிவான பொருளொன்று தன்னிலும் பன்மடங்கு விலையுயர்ந்ததோடு தோள்தட்டி நின்ற அச்செய்தி உலகெங்கும் ஒரு தலைமுறையையே இப்பழக்கத்திற் சேர்த்தது. செப்புக் குழாய்கள் பொருந்திய பழைய குளிர்விப்பான் ஒன்றைத் துடைத்துக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்:

"தம்பி, நிண்டு போனால் பயமில்லை. நிக்காமல் பிழையா ஓடினால்தான் பயம்."

"ஒரு மணித்தியாலம் சோதிச்சுப் பாத்தனான் அண்ணை. ஒண்டும் நடக்கேல்லை."

"ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்."

அவன் சோதித்தது பிறைம்95 என்னும் செயலியைக் கொண்டு. பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் துறவி மேர்சன் ஆராய்ந்த முதன்மை எண்களைத் தேடும் திட்டமொன்று 1996இல் தொடங்கியது. அதற்காக எழுதப்பட்டதே இது. பிழையற்ற விடை முன்னரே தெரிந்த கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்து ஒப்பிடுவதால், புறொசெசர் பொய் சொல்கிறதா என்பதை அது கண்டுபிடித்துவிடும். மடத்திலிருந்து எண்களை எண்ணியவர் பெயர் கொழும்பில் ஒரு பெட்டியைச் சூடேற்றுவதற்குப் பயன்படும் என்று எவர் எதிர்பார்த்திருப்பர்! ஆனால் இருபத்துநான்கு மணி நேரம் ஓடவிட வீட்டின் மின்கட்டணப் பட்டியல் இடந்தரவில்லை. ஒரு மணி நேரத்தோடு அவன் மனநிறைவு கொண்டான்.

விளையாட்டு உண்மையிலேயே மேம்பட்டது. கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் அக்காலப் பதிப்பு வரைவியல் அட்டையைவிடப் புறொசெசரையே பெரிதும் நம்பியிருந்தது. புகைக்குண்டு வெடிக்குமிடத்தில் முன்பு திக்கித் திணறிய திரை இப்போது வழுக்கிச் சென்றது. ஆயினும் ரொறன்ரோவிலிருந்த மைத்துனனோடு விளையாடும்போது மட்டும் பழைய தாமதம் அப்படியே இருந்தது. ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர் தூரம். ஒளிநாரில் ஒளி செக்கனுக்கு இரண்டு இலட்சம் கிலோமீற்றரே செல்லும். போய்வர 140 மில்லிசெக்கன் என்பது இயற்கை விதித்த குறைந்தபட்ச வரி. எந்தப் பெருக்கியை உயர்த்தினாலும் அவ்விரு வீடுகளும் அருகே வந்துவிடப் போவதில்லை.

அக்கணினி அவனுக்கு மட்டும் உரியதன்று. அவனுடைய அக்கா அதில்தான் தன் ஆய்வேட்டை எழுதிவந்தாள். மூன்று மாதமாக வீடுவீடாய்ச் சென்று நிரப்பிய 240 வினாக்கொத்துகளின் தரவுகள் அதிலே இருந்தன. 2023 பெப்ரவரியில் ஓரிரவு, அவற்றையெல்லாம் ஒரே கோப்பாகச் சுருக்கி எடுத்துக்கொண்டு, வட்டில் இடமில்லை என்று மூலக் கோப்புகளை அழித்தாள். மறுநாள் மேற்பார்வையாளரின் அறையில் அச்சுருக்கம் திறக்கவில்லை. வீட்டிலும் திறக்கவில்லை. உள்ளடக்கம் பழுதடைந்துள்ளது என்ற ஒரேயொரு வரி மட்டும் திரையில் நின்றது. கணினி ஒருமுறைதானும் நின்றுபோகவில்லை, நீலத்திரை காட்டவில்லை. கொட்டாஞ்சேனைக்காரர் சொன்னபடியே, நிற்காமற் பிழையாக ஓடியிருந்தது.

அன்றிரவு அவன் மீண்டும் பிறைம்95ஐ ஓடவிட்டான். இம்முறை கட்டணத்தைப் பற்றி எவரும் பேசவில்லை. ஏழாவது மணி நேரத்தில் நான்கு கருக்களில் ஒன்று பிழையான விடையைத் தந்து ஓய்ந்தது. இரவு முழுவதும் விழித்திருந்து அதைப் பார்த்தவனுக்கு அக்காவிடம் சொல்லவேண்டிய சொற்கள் அகப்படவில்லை. அந்தப் பழுதுக்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம் என்று வாதிட இடமுண்டு. வெட்டிவெட்டி வந்த மின்சாரம் வட்டைப் பாதித்திருக்கலாம். அவ்வாதத்தை அவன் தன்னளவிலேயே நிறுத்திக்கொண்டது அவனைப் பற்றி நல்ல அபிப்பிராயத்தைத் தருகிறது. விடிந்ததும் அவன் பெருக்கியைப் பழையபடி 33க்கு இறக்கினான். பிறகு அவளிடம் சென்று உள்ளதைச் சொன்னான்.

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவனுக்கு இலகுவாக இருந்திருக்கும். அலுமாரிக்கு மேலிருந்த காகிதக் கட்டை இறக்கி மேசையில் வைத்து, "நான் வாசிக்கிறன், நீ அடி" என்றாள். நல்ல வேளையாக வினாக்கொத்துகளின் தாள்களை அவள் எறிந்திருக்கவில்லை. ஒன்பது இரவுகள் இவ்வேலை நடந்தது. இரவில் எவ்வளவு முயன்றும் முப்பது தாள்களைத் தாண்ட முடியவில்லை. வெட்கத்தினாலோ களைப்பினாலோ அவன் விரல்கள் அடிக்கடி பிழைத்தன. அவ்வேலைக்குப் புறொசெசரின் நூற்றிலொரு பங்கு வேகம் கூடத் தேவைப்படவில்லை. பெட்டி குளிர்ந்து கிடந்தது. அதன் விசிறி அடங்கியிருந்தமையால், கடற்கரையோரமாகச் செல்லும் கடைசிப் புகையிரதத்தின் ஓசை அறைக்குட் கேட்டது.

மைத்துனன் ரொறன்ரோவிலிருந்து இரண்டு தடவை அழைத்தான். "இண்டைக்கு வரேல்லையே மச்சான்?" என்று கேட்டான். எண்பத்தேழாந் தாளில் இருப்பதாக இவன் பதில் சொன்னான். மற்றவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா அடுத்த தாளைப் புரட்டி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வயது, தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை என்று வாசிக்கத் தொடங்கினாள்.