வியன்னாவில் ஒரு குசினி

மே மாத இறுதியில் கிடைத்த பள்ளி விடுமுறையில் என் மகளுடன் வியன்னா நகருக்குச் சென்று வந்தேன். அவள் உள்ளக வடிவமைப்பாளர். ஒருமுறை உறவினர் ஒருவரிடம் ‘உள்ளக அலங்காரம் செய்கிறாள்’ என்று சொல்லிவிட்டேன். “அலங்காரம் இல்லை அம்மா, வடிவமைப்பு” என்று உடனே திருத்தினாள். ஆண்டுக்கணக்காக மாணவர்களின் கட்டுரைகளில் சிவப்புக் கோடு போட்டவளுக்குக் கிடைத்த சிவப்புக் கோடு அது.

புறப்படும்போது எங்களுக்குள் ஒரு பிணக்கு இருந்தது. என் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. தோட்டத்தை விட்டு வெளியேறியபின் அம்மாவும் அப்பாவும் சேமநிதிப் பணத்தைப் போட்டு வாங்கிய தாமான் வீடு இப்போது எங்கள் பொறுப்பில் உள்ளது. அதன் குசினிச் சுவரை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட மகள் ஒரு வரைபடம் தயாரித்திருந்தாள். நான் ஒப்புதல் தரவில்லை. காரணம் கேட்டாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வரைபடம் மேசையிலேயே கிடந்தது.

(குசினி என்பது போர்த்துகீசியர் வழி வந்த சொல். வகுப்பில் சமையலறை என்று கற்பிக்கும் நான் வீட்டில் குசினி என்றுதான் சொல்கிறேன். தோட்டத்துப் பழக்கம் விடுவதில்லை.)

வியன்னாவில் அப்போது இளவேனில் முடியும் தறுவாய். ஃபோல்க்ஸ்கார்டன் பூங்காவில் ரோஜாக்கள் மலர்ந்திருந்தன. இரவு எட்டு மணிக்கும் வெளிச்சம் மறையவில்லை. ஆண்டு முழுவதும் ஏழு மணி வாக்கில் இருட்டிவிடும் ஊரிலிருந்து சென்ற எனக்கு, இரவுணவு எப்போது உண்பது என்றே விளங்கவில்லை.

மகளின் பட்டியல் நீளமானது. 1898இல் ஓல்பிரிக் கட்டிய செசெஷன் மண்டபத்தின் உச்சியில் பொன்முலாம் பூசிய இரும்பு இலைகளாலான கோளம் ஒன்று இருக்கிறது. அக்காலத்து மக்கள் அதை முட்டைக்கோசு என்று கேலி செய்தார்களாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது, மகளிடம் சொல்லவில்லை. உள்ளே குஸ்தாவ் கிளிம்ட் 1902இல் தீட்டிய 34 மீட்டர் நீளச் சுவரோவியத்தை அவள் அரை மணி நேரம் பார்த்தாள். நான் பத்து நிமிடத்தில் உட்கார இடம் தேடினேன்.

ஓட்டோ வாக்னரின் அஞ்சல் சேமிப்பு வங்கிக் கட்டடம் என்னைக் கவர்ந்தது. முதற்பகுதி 1904 முதல் 1906 வரை கட்டப்பட்டது. சுவரில் பதித்த பளிங்குப் பலகைகளைப் பிடித்திருக்கும் ஆணிகளின் தலையை மறைக்காமல், அலுமினியத்தில் பளிச்சென்று காட்டியிருக்கிறார். நடு மண்டபத்துக்குக் கண்ணாடிக் கூரை. தரையிலும் கண்ணாடிக் கற்கள். மேலிருந்து வரும் பகல் வெளிச்சம் தரை வழியே கீழ்த்தளத்தில் வேலை செய்வோர்வரை இறங்கிச் செல்கிறது. “கீழே இருப்பவருக்கும் வெளிச்சம் வேண்டும் என்று ஒருவர் யோசித்திருக்கிறார், பாருங்கள்” என்றாள் மகள். வங்கி இப்போது அங்கே இல்லை, மண்டபம் இருக்கிறது.

மறுநாள் பயன்முறைக் கலை அருங்காட்சியகம். 1863இல் தோற்றுவிக்கப்பட்டது. கம்பளங்களையும் நாற்காலிகளையும் கடந்து, நேராக என்னை ஒரு சிறிய அறையின்முன் கொண்டுபோய் நிறுத்தினாள். அது ஒரு குசினி. மார்கரெட்டெ ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற வியன்னாப் பெண்மணி, 1926இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரின் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக வடிவமைத்த சமையலறையின் மறுவுருவாக்கம். அகலம் ஏறத்தாழ 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் அலமாரிகள். சுவரோடு மடித்து வைக்கும் இஸ்திரிப் பலகை. உட்கார்ந்து காய் நறுக்கச் சுழலும் முக்காலி. நறுக்கிய கழிவைத் தள்ளிவிட மேசையிலேயே ஒரு குழி. பிடியும் மூக்கும் வைத்த அலுமினியப் பெட்டிகள்: இழுத்து, அப்படியே பானையில் கொட்டலாம்.

ரயிலின் உணவுப் பெட்டியிலுள்ள சமையற்கட்டை ஆராய்ந்தும், அடுப்புக்கும் தொட்டிக்கும் மேசைக்கும் இடையே ஒரு பெண் எத்தனை அடி நடக்கிறாள் என்று கணக்கிட்டும் அதை உருவாக்கினாராம். இத்தகைய குசினிகள் ஏறத்தாழ 10,000 வீடுகளில் அமைக்கப்பட்டன. வடிவமைத்தபோது தமக்குச் சமைக்கவே தெரியாது என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. லயத்து வீட்டில் என் அம்மா விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுவார். பெரட்டுக்குப் போகுமுன் விறகடுப்பை மூட்டி, ஐந்து பேருக்குச் சோறாக்கி, பொதுக்குழாயிலிருந்து தண்ணீர் சுமந்து வைத்துவிட்டுப் பால்மரம் வெட்டப் போவார். குழாய்க்கும் அடுப்புக்கும் எத்தனை அடி? கங்காணி மரங்களை எண்ணினார். கிராணி பாலை நிறுத்தார். அம்மாவின் அடிகளை எவரும் எண்ணவில்லை. நானும்தான்.

“இதில் ஒரு குறை உண்டு அம்மா” என்றாள் மகள். “ஒருவர்தான் நிற்க முடியும். பெண்ணின் உழைப்பைக் குறைத்தார்கள். ஆனால் அவளைத் தனியாக ஓர் அறையில் அடைத்துவிட்டார்கள் என்று பிற்காலத்தில் பலர் கண்டித்தார்கள்.”

அப்போதுதான் என் தயக்கத்தின் காரணம் எனக்கே பிடிபட்டது. தாமான் வீட்டிலும் அம்மா அம்மியைக் குசினித் தரையில்தான் போட்டிருந்தார். அவர் அரைக்கும்போது எதிரே அண்டை வீட்டு அத்தை காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். நான் வாசற்படியில் அமர்ந்து பாடம் படிப்பேன். தோட்டத்துச் செய்தி அனைத்தும் அங்கேதான் பேசப்படும். மகளின் வரைபடத்தில் அந்த இடத்தில் குளிர்பெட்டி இருந்தது. வழவழப்பான, ஒருவர் நிற்கும் குசினி.

அதை அங்கேயே சொன்னேன். அவள் சற்று நேரம் பேசவில்லை. “இதை ஏன் முன்பே சொல்லவில்லை?” என்று மட்டும் கேட்டாள்.

அன்று மாலை தேநீரகத்தில் அந்தக் கட்டடக் கலைஞரைப் பற்றி மேலும் சொன்னாள். நாஜி ஆட்சியை எதிர்த்ததற்காக 1941இல் கைதாகி, 15 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்று, 1945இல் போர் முடிந்தபோது விடுதலையானவர். 2000ஆம் ஆண்டு சனவரியில், 103ஆம் பிறந்தநாளுக்குச் சில நாள்களே இருந்தபோது மறைந்தார். இவ்வளவு வாழ்ந்தவரை உலகம் ஒரு குசினியை வைத்தே நினைவில் வைத்திருப்பது நியாயமா என்று தெரியவில்லை.

ஊர் திரும்பிய வாரமே இருவரும் அளவு நாடாவுடன் தாமான் வீட்டுக்குப் போனோம். அம்மியைச் சுற்றி இரண்டு பேர் தரையில் உட்கார எவ்வளவு இடம் வேண்டும் என்று அறிய, என்னைச் சப்பணமிட்டு உட்காரச் சொன்னாள். எதிரே அவள் உட்கார்ந்தாள். அளந்தோம். அடுப்பையும் தொட்டியையும் அருகருகே வைத்து இந்த இடத்தையும் காக்க வேண்டுமானால், சுவரை இடித்துத்தான் ஆகவேண்டும் என்றாள். நான் விடாமல் காத்துவந்த அதே சுவர்.

புதிய வரைபடத்தில் கையொப்பமிட்டுவிட்டேன். ஒப்பந்தக்காரர் அடுத்த மாதம் வருகிறார். அதுவரை அம்மி எங்கள் வீட்டு முன்கூடத்தில், செருப்பு அடுக்கின் பக்கத்தில் கிடக்கிறது.