கயிறு பிடிப்பவன்

எங்கள் வாசக நண்பர்களில் இளையவரான ஒருவர், சில மாதங்களுக்கு முன் தாம் எழுதிய குறுநாவலின் கையெழுத்துப் படியைக் கொடுத்தார். மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களுக்கும் கீழே ஒரு நகரம். அதை ஆள்பவன் மனிதனா இயந்திரமா என்பது கடைசிவரை தெளிவாவதில்லை. முத்துக் குளிக்க இறங்கிய இளைஞன் ஒருவனை அவன் பிடித்து வைத்துக்கொள்கிறான். இளைஞன் சுவாசிக்கும் காற்று அவன் அனுமதியால் வருவது. இருவருக்கும் இடையே காதல் பிறக்கிறது. வெளிச்சம் என்று சொல்ல அக்கதையில் அதிகமில்லை.

தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு மாலை அமர்ந்து அதைப் பற்றிப் பேசினோம். காற்றையே கையில் வைத்திருப்பவனிடம் கைதிக்கு வருவது காதலா, பிழைக்கும் வழியா என்று கேட்டோம். நியாயமான கேள்விதான். ஆயினும் வீடு திரும்பிய பிறகு அது எங்களை உறுத்தியது. பெண்ணொருத்தியைச் சிறையெடுத்த அரசன் பிறகு அவள் மனத்தையும் வென்றதாகச் சொல்லும் கதைகளை இளமையில் எத்தனை வாசித்திருக்கிறோம்! அப்போதெல்லாம் எழாத கேள்வி, இருவரும் ஆண்கள் என்றதும் எழுந்தது. எங்கள் கூச்சத்திற்கு அறத்தின் சட்டையைப் போட்டுவிட்டிருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கூச்சத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மீண்டும் படித்தோம். கேள்வி அப்போதும் மிச்சமிருந்தது.

இத்தகைய கதைக்கு இந்தக் கடல் புதிதன்று. ஜூல்ஸ் வெர்ன் 1869-70இல் எழுதிய ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்குகள்’ நாவலில் நாட்டிலஸ் கப்பல் மன்னார் வளைகுடாவுக்கு வருகிறது. முத்துக் குளிக்கும் ஏழை ஒருவனைச் சுறாவிடமிருந்து காப்பாற்ற கேப்டன் நீமோ தன் உயிரைப் பணயம் வைக்கிறான். பிழைத்தவன் கையில் ஒரு பை முத்துகளையும் திணிக்கிறான். ஒடுக்கப்பட்ட நாட்டவன் அவன், தானும் அத்தகைய நாட்டவனே என்கிறான். பின்னர் வந்த ‘மர்மத் தீவு’ நாவலில்தான் நீமோ இந்திய இளவரசன் தக்கார் என்பது தெரிகிறது. அத்தனை கருணையுள்ள அதே மனிதன், பேராசிரியர் அரோனாக்ஸைத் தன் கப்பலில் கைதியாக வைத்திருக்கிறான். அரோனாக்ஸோ அவன் மீது கொண்ட ஈர்ப்பினால், தப்பிச்செல்லும் எண்ணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். வெர்ன் அதைக் காதல் என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் நண்பரின் கடலடி அரசன் எந்த வம்சத்தவன் என்பது எங்களுக்குப் புரிந்துவிட்டது.

1863இல் பாரிஸில் அரங்கேறிய ஜார்ஜ் பிசேயின் ‘முத்துக் குளிப்போர்’ இசைநாடகத்தின் களம் இலங்கை. அதில் சுர்கா குளிப்போரின் தலைவன். நாதிர் அவன் உயிர் நண்பன். இருவரும் ஒரே பெண்ணை விரும்பியவர்கள். நாதிரின் உயிர் சுர்காவின் ஒரு சொல்லில் தொங்கும் நேரம் வருகிறது. முடிவில் சுர்கா குடியிருப்புக்கே தீ வைத்து, அந்தக் குழப்பத்தில் நண்பனையும் அவன் காதலியையும் தப்பவைக்கிறான். நீமோ கைதியை விடுவதில்லை, சுர்கா விட்டுவிடுகிறான். அதிகாரம் உள்ளவனின் அன்பை அளக்க வேறு படி ஏதும் உண்டா என்று தெரியவில்லை.

கதைகளுக்கு அப்பால் வரலாறும் இதையே காட்டுகிறது. பாண்டியரின் கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்தெடுத்தார்கள் என்று, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்கக் கடல்வழி நூல் குறிக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, சுறாக்களை மந்திரத்தால் கட்டுவோரைப் பற்றி எழுதுகிறார். எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு. பகலில் கட்டிய மந்திரத்தை இரவில் அவிழ்த்துவிடுவார்களாம். மந்திரமும் அதிகாரமும் மூச்சும் இந்தக் கடலில் எப்போதும் ஒரே முடிச்சில்தான் கிடந்திருக்கின்றன.

ஆனால் இக்கரையில் மற்றொரு வழக்கும் சொல்லப்படுவதுண்டு. கல்லைக் காலில் மாட்டி இறங்குபவனின் மூச்சு ஒரு நிமிடமோ சற்றுக் கூடவோ தாங்கும். அவன் கயிற்றை அசைத்ததும் மேலே இருப்பவன் இழுத்தாக வேண்டும். அந்தக் கயிற்றை உடன்பிறந்தவன் கையில் கொடுக்க மாட்டார்களாம். மைத்துனன் கையில்தான் கொடுப்பார்களாம். சகோதரனுக்குச் சொத்தின் மேல் ஒரு கண் இருக்கலாம். தன் அக்கா தாலியறுப்பதை எந்தத் தம்பி விரும்புவான்? கீழே போகிறவன் முழுவதும் மேலே நிற்பவனின் தயவில் இருக்கிறான். அதைவிடச் சமமற்ற நிலை வேறில்லை. ஆயினும் கயிறு பிடிப்பவனைத் தேர்ந்தவன் அவன். அசைத்தால் இழுபடுவோம் என்னும் உறுதியும் அவனுக்கு உண்டு.

அடுத்த சந்திப்பில் நண்பரிடம் இதையே சொன்னோம். “தம்பி, அதிகாரம் சமமில்லை என்பது குறையில்லை. உங்கள் இளைஞன் அசைக்க ஒரு கயிறு இல்லையே, அதுதான் குறை” என்றார் எங்களில் மூத்தவர்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “எங்களுக்கு எந்த மச்சான் அண்ணாச்சி கயிறு பிடிப்பான்?”

எங்களிடம் பதிலில்லை. மைத்துனன் என்பவன் திருமணத்தால் வருபவன். தன்பாலீர்ப்பு குற்றமன்று என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அவர்களின் திருமணத்தை அங்கீகரிக்க 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் மறுத்துவிட்டது. கரையில் நின்று கயிறு பிடிக்க உறவென்று ஒருவரும் இல்லாதவன், தனக்குக் காற்றுத் தருபவனையே காதலனாகவும் காவலனாகவும் சிறையதிகாரியாகவும் கற்பனை செய்வதில் வியப்பென்ன? அக்கதையின் இருளை அவருடைய கற்பனையின் கோளாறு என்றே எண்ணியிருந்தோம். அதில் பாதி நாங்கள் நின்றுகொண்டிருந்த கரையிலிருந்து விழுந்த நிழல்.

இக்கரையில் அரசு நடத்திய கடைசி முத்துக் குளிப்பு 1961இல் முடிந்துவிட்டது. கயிறு பிடிக்கும் வேலை மட்டும் வேறு வேறு வடிவில் யாரையாவது எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறது.

குறுநாவலின் முடிவை மாற்றும்படி நாங்கள் சொல்லவில்லை, அவரும் மாற்றவில்லை. படியைத் திரும்ப வாங்கிக்கொண்டு எழுந்தவர், அடுத்த கூட்டத்திற்குத் தம்முடன் வாழ்பவரையும் அழைத்துவரலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவருடன் ஒருவர் வாழ்கிறார் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

அவசியம் அழைத்து வாருங்கள் என்றோம்.